நூற்று எழுபத்தொரு நல்ல வார்த்தை

டைம் ஆபீஸ் அக்காவைப் பற்றி அந்தத் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷி" என்பார்கள். பம்புக்கு ஷாஃப்ட் செய்கிற தொழிற்சாலையின் கேட்டுக்கு இடது பக்கம் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. ஜன்னலுக்குக் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம் விரல் ரேகை வைக்கிற மெஷின், அந்தப் பக்கம் அக்கா. இருபத்தொரு வயதில் வந்து உட்கார்ந்தவருக்கு நான் பார்க்கும்போது நாற்பத்தேழு. நாற்காலி மூன்று தடவை மாறியிருக்கிறது.

முந்நூற்று முப்பது பேருடைய வருகை அவர் கையில். லேத்திலும் கிரைண்டரிலும் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் அவர்களை ஆளாகவே மதிக்காது. சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தும். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காலடிச் சத்தத்தை வைத்தே "கத்துது விடு, எழுதிட்டேன், போ" என்பார். ஒருமுறை ஒருத்தன் தன் அண்ணன் பேரைச் சொல்லி உள்ளே நுழையப் பார்த்தான். "உங்கண்ணன் ஒரு காலைத்தான் இழுப்பாரு. நீ ரெண்டையும் இழுக்கறே. போய் அவரையே எழுப்பி அனுப்பு" என்றார்.

நான் அந்த அறைக்குப் போனது ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆளாக. பேட்டையில் பதினான்கு தொழிற்சாலைகள். பதினான்கு வாசலிலும் 'ஆட்கள் தேவை' பலகை தொங்கியது. கைதேர்ந்த ஆள் கிடைப்பதில்லை என்று பதினான்கு முதலாளிகளும் புலம்பினார்கள். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏறும் என்று நான் படித்த புத்தகத்தில் இருக்கிறது. இங்கே ஒன்பது வருஷமாகக் கூலி விலைவாசிக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தது. லாபம் கூடியது, பங்குதாரர்களுக்குப் போகிற பங்கு கூடியது, கூலி மட்டும் நகரவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி. வேறு இடத்தில் வேலை காலியாக இருப்பது தொழிலாளர்களுக்குத் தெரிவதில்லை என்று நான் நினைத்தேன். அதை எழுதிக் கொடுத்து, இந்த ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியையிடம் "பார்க்கலாம்" என்ற பதிலும் வாங்கியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "எம் புள்ள கம்பெனி முதலாளிங்களையே கேள்வி கேக்குற உத்தியோகத்துல இருக்கான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் கேட்ட கேள்வி பெரும்பாலும் "இருபது வருஷத்துப் பதிவேடு எந்த அலமாரியில இருக்கு" என்பதுதான். அதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். நான்கு மாத வேலை. அக்கா தன் மேஜையில் ஓர் ஓரத்தை ஒதுக்கித் தந்தார்.

"சார்னு கூப்பிட எனக்கு வயசாயிடுச்சு. தம்பின்னு கூப்பிட ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். ஆராய்ச்சின்னு கூப்பிடறேன், பரவாயில்லையா?"

"பரவாயில்லக்கா."

"அப்ப உக்காரு ஆராய்ச்சி. காலை அந்தப் பெட்டி மேல வைக்காதே. பழைய பதிவேடு, தொட்டா அப்பளமா உதிரும்."

அந்தத் தம்பிக்காகத்தான் அவர் இந்த வேலைக்கே வந்தார். அப்பா முன்னமே இல்லை. அம்மா போனபோது தம்பிக்குப் பதினொன்று, இவருக்கு இருபது. பெண் பார்க்க வந்தவர்களிடம் "தம்பியும் என்கூடத்தான் வருவான்" என்று முதல் பேச்சிலேயே சொல்லியிருக்கிறார். நான்கு குடும்பம் எழுந்து போயிற்று. ஐந்தாவதாக வந்த வேன் டிரைவர் உட்கார்ந்தே இருந்தார். "வண்டி ஓட்டி ஓட்டி எனக்குக் காது மந்தம். இவ என்னமோ சொன்னா, தலையாட்டிட்டேன்" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்தத் தம்பியைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படிக்க வைத்து, இதே தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற டர்னராகச் சேர்த்துவிட்டதும் அக்காதான். அவர் இப்போது கணினி லேத்தில் நிற்கிறார். தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்றாலும் ஷாஃப்டை ஒதுக்கி வைத்துவிடுவார். அதனால் அவருக்கு மைக்ரான் என்று பெயர். அவர் மகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

அக்காவின் மேஜையில் ஒரு பழைய போன் இருந்தது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து அதில் கூப்பிடுவார்கள். நான் போன முதல் வாரமே ஒன்று வந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் எடுத்தார்.

"ஆமாங்க, எங்க ஆளுதான். என்ன சொல்லச் சொல்றீங்க, அப்படி ஒரு வேலைக்காரர். ஒரு நாள் லீவு கிடையாது. மெஷினைக் குழந்தை மாதிரி பாத்துக்குவார். உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம ஃபிட்டர் அடுத்த ரோட்டுக் கம்பெனியில வேலை கேட்டிருக்கார். ஆள் எப்படின்னு விசாரிக்கறாங்க. நம்மால ஆனது ஒரு நல்ல வார்த்தை."

"போறாருன்னு நம்ம மேனேஜருக்குத் தெரிஞ்சா கோபப்பட மாட்டாரா?"

"அவருதான், கேட்டா உள்ளதைச் சொல்லுங்கன்னு சொல்லி வெச்சிருக்கார். நல்ல மனுஷன்."

பிறகு மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, ஆள், கேட்ட கம்பெனி, தான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதினார். எதற்கென்று கேட்டேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு டர்னர், வேலை கிடைக்காத ஆத்திரத்தில் ஜன்னலில் வந்து நின்று, "நீதான் என்னைப் பத்தி ஏதோ தப்பா ஊதிட்டே" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டாராம். அன்றிலிருந்து எழுதி வைக்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டுவார். வந்தவர் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கூச்சத்தோடு "மன்னிச்சுக்கங்கக்கா, எனக்கு நேரம் சரியில்ல" என்று போய்விடுவார்.

"பொய் சொல்றது மட்டும் நமக்கு வராது" என்றார். "குடிகார வெல்டர் ஒருத்தன் இருந்தான். அவனைக் கேட்டாங்க. சுமார்தாங்க, பாதி நாள் வர மாட்டான்னேன். அவனுக்கு மட்டும் வேலை கிடைச்சுதே, அதுவும் ஒண்ணரை மடங்கு சம்பளத்துல. கடவுளுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கேன்."

நானும் சிரித்தேன். நோட்டைக் கேட்டேன். "எடுத்துக்கோ. இதையும் உன் பொட்டியில ஏத்து. நாலு பேருக்கு நல்லது பண்ணதுக்கு எங்கிட்ட இருக்கற ஒரே அத்தாட்சி" என்று கொடுத்தார்.

அதில் இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள் இருந்தன. ஒவ்வொருவரும் பிறகு வேறு கம்பெனிக்குப் போனாரா என்று பதினான்கு பதிவேடுகளிலும் தேடினேன். அக்கா நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். வேலை கிடைத்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். கணக்கை ஓட்டிப் பார்த்தேன். திரையில் வந்ததைப் பார்த்து, ஒன்றையும் பூஜ்யத்தையும் மாற்றிப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். பேராசிரியையும் அதைத்தான் சொன்னார். "தலைகீழாப் போட்டிருக்கே. லேப்டாப்பை மூடிட்டுக் கையால எண்ணு."

பென்சிலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எண்ணினேன். நல்ல வார்த்தை சொன்னது நூற்று எழுபத்தொரு தடவை. வேலை கிடைத்தது மூன்று பேருக்கு. சுமார், லீவு அதிகம், எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொன்னது நாற்பத்தொரு தடவை. அதில் முப்பத்துநான்கு பேர் போய்விட்டார்கள், எல்லாரும் கூடுதல் சம்பளத்துக்கு.

மூன்றாம் தடவை எண்ணினேன். அதேதான் வந்தது.

மேனேஜரிடம் ஏற்கெனவே ஒரு பேட்டிக்கு நேரம் வாங்கியிருந்தேன். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சியான அறை, மேஜையில் பிஸ்கட் தட்டு. சுற்றி வளைக்காமல் கேட்டேன்: வேறு கம்பெனியிலிருந்து போன் செய்து விசாரிப்பது எதற்காக?

அவர் மறைக்கவே இல்லை. மழை எப்போது வரும் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"நாங்க பதினாலு கம்பெனியும் ஒரு குடும்பம் மாதிரி தம்பி. ஒருத்தர் ஆளை இன்னொருத்தர் தூக்கக் கூடாதுன்னு பேச்சு. இருபது வருஷமா இருக்கு. அதுக்காக எல்லாரையும் கட்டி வெச்சா அதுவும் தப்பில்லையா? வேண்டாத ஆளு போகட்டும். யாரு வேணுங்கற ஆளு, யாரு வேண்டாத ஆளுன்னு தெரியணுமே, அதுக்கு டைம் ஆபீசுக்கு ஒரு போன்."

"நல்ல ஆளுன்னு சொன்னா?"

"எடுக்க மாட்டாங்க. அந்தக் கம்பெனிக்கு அவரு வேணுமில்ல."

"சுமாருன்னு சொன்னா?"

"தாராளமா எடுத்துக்கட்டும். ஆள் பஞ்சத்துல அவங்க கூடக் குடுத்தும் எடுப்பாங்க. பீடை ஒழிஞ்சதுன்னு நாங்களும் விட்டுடுவோம். பிஸ்கட் எடுத்துக்கங்க."

"இது டைம் ஆபீஸ் அக்காவுக்குத் தெரியுமா சார்?"

அவர் சிரித்தார். "தெரிஞ்சா அது உள்ளதைச் சொல்லுமா? பாவம் பாத்து மாத்திச் சொல்லிடும். தெரியாததாலதான் அந்த நாக்கு சுத்தமா இருக்கு. எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் விட்டுட்டுப் போன பெரிய சொத்தே அந்தப் பொம்பளைதான்."

எழுந்து அலமாரியிலிருந்து வழவழப்பான ஆண்டறிக்கையை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். 'எங்களிடம் வந்தவர் எங்களை விட்டுப் போவதில்லை' என்று தலைப்பு. திறமையான தொழிலாளர்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர்கூட விலகுவதில்லை என்று ஒரு வரைபடம். அதன் பக்கத்தில் கும்பலாகச் சிரிக்கிற தொழிலாளர்கள். "இதைக் காட்டித்தான் பேங்க்ல வட்டியைக் குறைச்சோம். ஆளு நிக்கற கம்பெனிக்குக் கடன் குடுக்க பயமில்ல பாருங்க. உங்க ஆராய்ச்சியில இதைக் கண்டிப்பா போடுங்க." வட்டியில் மிச்சமானது எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்த ஆண்டறிக்கையிலேயே இருந்தது: ஒன்பது வருஷத்தில் பங்குதாரர்களின் பங்கு மூன்று மடங்கு.

வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றேன். வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நோட்டைத் திறந்தேன். எண்ணும்போது பேர்களை நான் எண்களாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது பேர்களாகப் பார்த்தேன். ஒரே பேர் ஒன்பது இடத்தில் இருந்தது. பதினொரு வருஷத்தில் மைக்ரான் ஒன்பது தடவை வெளியே வேலை கேட்டிருக்கிறார். முதல் தடவை அக்கா எழுதியிருந்தது: 'நல்ல வேலைக்காரர் என்று சொன்னேன்.' ஐந்தாவது தடவை: 'எங்கள் கம்பெனியிலேயே இவர்தான் முதல் என்று சொன்னேன்.' ஒன்பதாவது தடவை: 'இவரை எடுத்தால் உங்களுக்கு யோகம் என்று சொன்னேன்.' தம்பி என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசு ஆகிவிடும் என்பது அவர் நியாயம்.

மைக்ரான் பத்தாவது தடவையாகக் கேட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது ரோட்டுக் கம்பெனியில் மெஷினுக்கு அளவு வைத்துத் தருகிற செட்டர் வேலை, நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், இவருக்கு முப்பத்தெட்டு. இதுவும் கிடைக்காவிட்டால் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கடல் தாண்டிப் போவதாக ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். பெண்டாட்டியும் மகளும் இங்கே, இவர் அங்கே. "என் ராசி அப்படி" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரணை போன் வியாழக்கிழமை வரும் என்று அவரே அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனதை நான் கேட்டிருந்தேன். அன்று செவ்வாய்.

வேலையில் சேரும்போது நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். தகவல் கொடுப்பவரிடம் முடிவுகளைச் சொல்லக் கூடாது. அவர் நடந்துகொள்வதை மாற்றும் எதையும் செய்யக் கூடாது. படித்துப் பார்த்து, பெருமையாக, நல்ல எழுத்தில் போட்ட கையெழுத்து.

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டேன்.

அக்கா டப்பாவைத் திறந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல மூடியை எடுத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். முடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி:

"நூத்தி எழுபத்தொண்ணா, நூத்தி அறுபத்தெட்டா?"

"நல்லது சொன்னது நூத்தி எழுபத்தொண்ணு. கிடைக்காம போனது நூத்தி அறுபத்தெட்டு."

"அந்த மூணு பேரு எப்படித் தப்பிச்சாங்க?"

"மூணு பேருமே அந்தந்த முதலாளிங்களுக்குச் சொந்தக்காரங்கக்கா."

தலையை ஆட்டினார். "சரியா எண்ணினியா?"

"மூணு தடவை."

"நீ படிச்சவன். தப்பு வராதில்ல?"

வந்திருக்கக் கூடாதா என்று அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஜன்னலில் நின்று கத்திய டர்னரின் பேர் அதில் இல்லை; அதற்குப் பிறகுதான் நோட்டே. "அந்த ஆளு சொன்னது சரிதான்" என்றார் மெதுவாக. "அவரை நான் நாலு பேர் முன்னாடி திருப்பித் திட்டினேன்."

"வீட்ல அம்மி, குழவி எல்லாம் நகரும். தம்பி சம்பளம் மட்டும் நகரலையேன்னு நானே அவனைக் கிண்டல் பண்ணிருக்கேன்" என்றார். பிறகு ஜன்னல் வழியாகக் கைதட்டி ஒரு ஹெல்பரைக் கூப்பிட்டு, தம்பியை வரச் சொன்னார்.

மைக்ரான் கை துடைத்துக்கொண்டே வந்தார். அக்கா நின்றபடியே சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை, முன்னுரை எதுவும் இல்லை. கேட்டு முடித்த மைக்ரான் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப எனக்கு ராசி இல்லைன்னு நான் நெனைச்சதெல்லாம்?"

"ராசி இல்லடா. நான்தான்."

"ஒம்போது தடவையுமா?"

"ஒம்போது தடவையும். ஒவ்வொரு தடவையும் போன தடவையை விட ஒசத்தியா சொன்னேன்."

அவர் துடைக்கிற துணியை நான்காக மடித்தார். மணி அடித்தது. "ஷாஃப்ட் பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா அன்று சாப்பிடவில்லை. அவர் கணவர், அந்த வேன் டிரைவர், மறுநாள் என்னிடம் சொன்னார்: "நேத்து வீட்ல ஒரு சத்தமில்ல. எனக்குக் காது முழுசாப் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

வியாழக்கிழமை பதினொன்றரை வாக்கில் வரும் என்று அக்கா கணக்குப் போட்டார். பதினொன்றேகாலுக்கே தம்பியைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டார்.

"எதுக்கு நான்?"

"உன்னைப் பத்திக் கெட்டது சொல்லப் போறேன். முதுகுக்குப் பின்னாடி சொன்னா அது பொறணி. மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்டது. வருஷக்கணக்காக அக்காவோடு பேசுகிற அதே பெண்.

"டர்னர் ஒருத்தர் வந்திருக்காருக்கா. ஆள் எப்படி?"

அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தார். "சுமாருதான்."

"சுமாருன்னா?"

"லீவு ஜாஸ்தி. திங்கக்கிழமைன்னா ஆளைக் கண்ணால பாக்க முடியாது."

பதிவேடு என் லேப்டாப்பில் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் மைக்ரான் திங்கட்கிழமை லீவு எடுத்தது இரண்டே தடவை. ஒன்று கல்யாணத்துக்கு மறுநாள், இன்னொன்று மகள் பிறந்த அன்று.

"வேலை எப்படிக்கா?"

அக்கா வாயைத் திறந்தார். வரவில்லை. லீவு என்று பொய் சொல்லிவிட்டார்; தம்பியின் கைவேலையைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை. எதிர்ப்பக்கம் "ஹலோ, ஹலோ" என்றது. அப்போது மைக்ரான் கம்பி வழியாகக் கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி காட்டினார். இவ்வளவு அளவு தப்பும் என்று அர்த்தம்.

"அளவு தப்பும்" என்றார் அக்கா. "சொன்னாலும் கேக்கற ஆள் கிடையாது."

"நீங்க யாரையும் இவ்வளவு மோசமா சொன்னதில்லையே." தாள் புரளும் சத்தம். "அவசரத்துக்குக் கூப்பிட உங்க பேரைப் போட்டிருக்காரே. உங்க சொந்தத் தம்பியாக்கா?"



"ஆமாம்மா. அதனாலதான் இவ்வளவு நல்லாத் தெரியும்."

அவள் "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அக்கா ரிசீவரைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமை சொன்னது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மைக்ரான்.

"போடா."

அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. இப்போதைய சம்பளத்தை விட முக்கால் மடங்கு கூட. மைக்ரான் அன்றே ஏஜென்ட்டிடம் போய்ப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிட்டார். கடிதத்தைக் கொண்டுவந்து ஜன்னலில் காட்டினார். அக்கா படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். "இதே கடிதம் பதினொரு வருஷம் முன்னாடி வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் தயாராகவே இல்லை. சேதி தொழிற்சாலைக்குள் பரவிவிட்டது. ஜன்னலில் ஆட்கள் வரிசையில் நின்று, "அக்கா, எனக்கு நாளைக்கு போன் வரும், என்னைப் பத்திக் கொஞ்சம் கேவலமா சொல்லுங்க" என்று கேட்டார்கள். "குடிப்பேன்னு சொல்லுங்க, ஆனா அவ்வளவு ஜாஸ்தி இல்லைன்னு சொல்லுங்க, என் மாமனாரு அந்தக் கம்பெனியிலதான் இருக்காரு" என்றார் ஒருவர். "என்னைத் தூங்குமூஞ்சின்னு சொல்லுங்க, அது பொய்யும் ஆகாது" என்றார் இன்னொருவர். மூன்று வாரத்தில் பதினொரு போன். பதினொரு பேரையும் அக்கா இறக்கிச் சொன்னார். ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள்.

ஏழாவது ஆள் கிளம்பிய அன்று மேனேஜர் டைம் ஆபீசுக்கே வந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மேனேஜர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவையாம்.

"எல்லாரும் ஒரே மாசத்துல கெட்டுப் போயிட்டாங்களா?"

அக்கா எழுந்து நிற்கவில்லை. "போன்ல நான் என்ன சொல்றேன்னு இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கறீங்க சார்."

"பொய் சொல்றியா?"

"ஆமா. நெசம் சொன்னதுக்கு நூத்தி அறுபத்தெட்டு தடவை ஆளுங்க இங்கேயே முடங்கிட்டாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிஸ்கட் கொடுத்த முகம் அது இல்லை. போனைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் முந்நூறு பேருடைய காலடிச் சத்தம் வேறு யாருக்கும் தெரியாது. அதோடு, வரிசையாக ஆள் போய்க்கொண்டிருந்ததால் டர்னருக்கும் ஃபிட்டருக்கும் சம்பளம் ஏற்றி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. நான் படித்த புத்தகம் பொய் சொல்லவில்லை.

அக்கா அந்த நூற்று அறுபத்தெட்டில் இன்னும் வேலையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக ஜன்னலில் நிறுத்தி, நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். பெரும்பாலானவர்கள் "உங்களுக்கு என்னக்கா தெரியும், விடுங்க" என்றார்கள். ஆறு தடவை கேட்டு ஆறு தடவையும் கிடைக்காத ஒரு கிரைண்டர்காரர் முழுதும் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் அக்காவிடம் பேசுவதில்லை.

நான் பேராசிரியையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தையும் எழுதியே எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பிரிக்காமல் திருப்பித் தந்தார். ஆனால் சிரிக்கவும் இல்லை.

"எப்ப சொன்னே?"

"இருநூத்தி பன்னிரண்டாவது போனுக்கு அப்புறம் மேடம்."

"அப்ப அதோட நிறுத்து. அதுக்கப்புறம் வந்தது எதுவும் தரவு இல்ல. நீ கை வெச்சது."

அவர் சொன்னது சரி. இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். மீதியை நீக்கிவிட்டேன். கட்டுரை வெளியாயிற்று, அதில் ஏழாம் பக்கத்தில் ஒரு டர்னர் வருகிறார். பதினொரு வருஷத்தில் ஒன்பது தடவை வேலை கேட்கிறார், ஒன்பது தடவையும் கிடைக்கவில்லை, அந்த லேத்திலேயே நிற்கிறார்.

ஒரு பிரதியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன் இருந்த இடத்தில் மேஜை சதுரமாக வெளுத்திருந்தது. ஏழாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"பத்தாவது இல்லையே?"

"நான் உங்ககிட்ட சொல்லிட்டதால அதையெல்லாம் எடுத்துட்டாங்கக்கா. அதுக்கப்புறம் வந்த பதினொண்ணையும்."

அக்கா கணக்குப் பார்த்தார். உதடு அசைந்தது.

"மொத்தம் பன்னிரண்டு" என்றார். "நான் என்ன சொல்றேன்னு எனக்கே தெரிஞ்சு சொன்னது அந்தப் பன்னிரண்டுதான் ஆராய்ச்சி. அதைப் போய் எடுத்துட்டீங்களே."